எட்டுச் சாயங்காலங்கள்

ஏப்ரல் மாதத்திலிருந்து ஓவர்டைம்
மணிக்கு நூற்று எழுபத்திரண்டு.
கப்பலூர்த் தொழிற்பேட்டையில்
எங்கள் ரப்பர் கம்பெனி நோட்டீஸ் பலகையில்
ஒட்டிய பசை காயுமுன்
பேனாவோடு வந்து நின்றார் சூப்பர்வைசர் ரத்தினவேலு.
"இனி ஒருத்தரும் அஞ்சரைக்குக் கிளம்ப மாட்டீங்கல்ல?"

முன்பு எண்பத்தாறு.
மகளின் விடுதிக்கு மாதம் ஐயாயிரத்து ஐந்நூறு.
அறுபத்து நாலு மணி நேரம் மோல்டுக்கு முன்னால் வெந்தால்
கட்டியது போக நாலு ரூபாய் மிஞ்சும்.
இப்போது முப்பத்திரண்டு மணியிலேயே
அதே நாலு ரூபாய்.

கணக்கு அவ்வளவுதான்.
மாதம் பதினாறு சாயங்காலம் விற்றவன்
எட்டை விற்றேன்.
மீதி எட்டை டிபன் பாத்திரத்தோடு
வண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ரத்தினவேலுக்கு விளங்கவில்லை.
"கூலியைக் கூட்டினா ஆள் கூட நேரம் நிப்பான்னுதானய்யா
முதலாளி கூட்டினாரு?
காசிமாயனைப் பாரு."

பார்த்தேன்.
அதே பிரஸ், அதே கந்தக வாடை,
அதே நூற்று எழுபத்திரண்டு.
எண்பத்தாறாக இருந்தபோது
சங்கு ஊதியதும் செக்கானூரணி பஸ்ஸில் தொற்றிக்கொண்டு
கேரம் ஆடப் போனவன்
இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கும் கையெழுத்துப் போடுகிறான்.
என்னப்பா, கேரம் என்னாச்சு?
"ஒரு ஆட்டம் முடிய ஒரு மணி நேரம் ஆகுதுண்ணே.
நூத்தி எழுபத்திரண்டு ரூபாய் குடுத்து
எவன் கேரம் ஆடுவான்?"

அங்கேதான் எனக்குச் சனி பிடித்தது.

தென்கால் கண்மாய்க்கரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
எதிரே பரங்குன்றத்துப் பாறை
வெயிலை மெதுவாகக் கழற்றிக்கொண்டிருக்கிறது.
போன மாதம் இப்படி உட்கார
மணிக்கு எண்பத்தாறு.
இந்த மாதம் இரண்டு பங்கு.
கரை மாறவில்லை.
சாக்கடை கலக்கும் மூலையில் அதே ஆகாயத்தாமரை.
கொக்கு ஒன்று ஒற்றைக்காலில் கால் மணி நேரம் நின்றது.
நாற்பத்து மூன்று ரூபாய்.
மீன் கிடைக்கவில்லை.
பருத்திப்பால் பதினைந்து என்றார் வண்டிக்காரர்;
ஊதி ஊதிக் குடித்த பத்து நிமிஷத்தையும் சேர்த்தால்
நாற்பத்து நாலு வருகிறது.

கூட்டித் தந்தவர்கள் என் சாயங்காலத்துக்கு
மீட்டரும் போட்டுத் தந்துவிட்டார்கள்.

தவமணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
மடியில் மூன்று பிளவுஸ், கொக்கி வைக்க.
ஒன்றுக்குப் பத்து ரூபாய் தருகிறார் கடைத்தெரு டெய்லர்.
"இப்ப நீ வேலையில இருக்கியா, ஓய்வுல இருக்கியா?"
"காத்து வருதுல்ல" என்றாள்.

நூலைப் பல்லில் கடித்தபடி
கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்:
"நீங்க சீக்கிரம் வர்ற அன்னிக்கு
எனக்கு ரெண்டு டீ கூட.
ராத்திரிக்குத் தொட்டுக்க இன்னொரு வகை கூட.
அதை எந்த ரிஜிஸ்டர்ல எழுதுறது?"

அறுபத்து நாலு, முப்பத்திரண்டு, எட்டு, நாலு...
நான் போட்ட எந்தக் கணக்கிலும்
அவள் வரவே இல்லை.

"டீ இனிமே நான் போடுறேன்."
"மணிக்கு எவ்வளவு கேப்பீங்க?"
சிரித்தது எனக்காகவா டீக்காகவா தெரியவில்லை.

மூன்றாவது பிளவுஸை வாங்கிக்கொண்டேன்.
நூறு கிலோ அச்சைத் திருப்பும் விரல்களுக்கு
ஊசியின் காது அகப்படவில்லை.
முதல் கொக்கிக்கே இருபது நிமிஷம்.
அதுவும் தலைகீழ்.

பார்த்தாள். பிடுங்கவில்லை.
தன் ஊசியைத் துணியில் குத்திவைத்துவிட்டுக்
கைகளைப் பின்னால் ஊன்றிக்கொண்டாள்.
திருநெல்வேலிப் பக்கம் போகும் ரயில் ஒன்று
ஜன்னல் ஜன்னலாகக் கடந்தது.
கடைசிப் பெட்டி வரை பார்த்தாள்.
அது போன பிறகும் பார்த்தாள்.

நான் கொக்கியைப் பிரிக்க ஆரம்பித்தேன்,
அவசரப்படாமல்.